இடைநிலைப் பாடசாலை நிருவாகிகளின் பணி அழுத்தம்: வேலையின் சுமையா, அதிகாரமில்லாப் பொறுப்பா?

திருமலை அதிபர் (இழையைத் தொடங்கியவர்)

அதிபர்களும் பிரதி அதிபர்களும் கூடும் இடங்களில் இப்போது இரத்த அழுத்தம், சீனி வருத்தம், தூக்கமின்மை பற்றிய பேச்சே முதலில் வருகிறது. காரணம் கேட்டால் "வேலை கூடிப்போயிற்று" என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறோம். அந்த விடை எனக்குப் போதவில்லை. உயர்தர வகுப்புகள் உள்ள ஒரு மாகாணப் பாடசாலையை நடத்துகிறவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். வேலை கூடியிருப்பது உண்மைதான். ஆனால் ஆளை உருக்குலைப்பது வேலையின் அளவன்று. எவற்றுக்கெல்லாம் நான் பொறுப்புக் கூற வேண்டுமோ, அவற்றுள் பெரும்பாலானவற்றை மாற்றும் அதிகாரம் என் கையில் இல்லை என்பதே.

உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியருக்கு ஆண்டின் நடுவில் இடமாற்றக் கடிதம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். "சேவையின் தேவை கருதி" என்ற வரி அதில் இருக்கும். அவருக்குப் பதிலாக வருபவர் யார் என்ற வரி இருக்காது. விடுவிக்காவிட்டால் நான் கட்டளையை மீறியவன். விடுவித்தால் மறுநாள் காலையிலேயே 13ஆம் தரக் கணிதப் பிரிவு மாணவர்களின் பெற்றோர் என் அறை வாசலில் நிற்பார்கள். ஆசிரியரை நியமிப்பதும் நானல்லன், இடமாற்றுவதும் நானல்லன், வேறு பாடசாலைக்குத் தற்காலிகமாக இணைப்பதும் நானல்லன். ஆனால் பெறுபேறு வெளியானதும் கூட்டத்தில் எழுந்து நின்று, பௌதிகவியலில் சித்தி வீதம் ஏன் இறங்கியது என்று விளக்கம் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான்.

நிதியிலும் இதே கதைதான். கற்றல் உபகரணங்களுக்கான ஒதுக்கீடு பல ஆண்டுகளில் நவம்பர் மாதத்தை ஒட்டியே கைக்கு வருகிறது. டிசம்பர் 31க்குள் அதைச் செலவழித்தாக வேண்டும். மூன்று கடைகளில் விலைமனுக் கோர வேண்டும். கொள்வனவுக் குழுவைக் கூட்ட வேண்டும். பொருட்பதிவேட்டில் பதிய வேண்டும். அந்த மாதங்களில்தான் இங்கே மழை, பரீட்சை, தவணை இறுதி எல்லாமே. அவசரத்தில் ஏதாவது தவறினால், மூன்று ஆண்டுகள் கழித்தும் கணக்காய்வு வினா என் பெயருக்கு வரும். 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் மின்கட்டணம் உயர்ந்தபோது, கணினிக் கூடத்தைப் பூட்டுவதா, பெற்றோரிடம் கை நீட்டுவதா என்று திண்டாடியவர்கள் நம்மில் பலர். அனுமதியின்றிப் பணம் திரட்டக்கூடாது என்று சுற்றறிக்கை சொல்கிறது. பட்டியலைச் செலுத்தாவிட்டால் இணைப்பைத் துண்டிப்போம் என்று மின்சார சபை சொல்கிறது.

மற்றவர்களின் அனுபவம் எப்படியிருக்கிறது என்று அறிய விரும்புகிறேன். சம்பளம் பற்றிய விவாதத்துக்கு வேறு இழைகள் இருக்கின்றன. இங்கே அழுத்தத்தின் காரணங்களைப் பற்றி மட்டும் பேசுவோம்.

கிண்ணியா பிரதி அதிபர்

அதிபர் சேர் எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது அதிபரின் கதிரையிலிருந்து தெரியும் காட்சி. பக்கத்து மேசையில் இருப்பவனுக்கு வேறொரு நோய்.

காலை 7.30க்கு மணி அடித்ததும் என் முன்னால் வரவுப் பதிவேடும் ஒரு வெற்றுத் தாளும் இருக்கும். வராத ஆசிரியர்களின் பாடவேளைகளைப் பிரித்து, அன்று ஓய்வுப் பாடவேளை உள்ளவர்களின் தலையில் கட்டும் தாள் அது. நாற்பது நிமிடப் பாடவேளைகள் எட்டு. எட்டுப் பேர் வரவில்லை என்றால் நாற்பதுக்கும் மேற்பட்ட கட்டங்களை நிரப்ப வேண்டும். மகப்பேற்று லீவில் ஒருவர், வலயக் கருத்தரங்கில் இருவர், விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் சென்றவர் ஒருவர், தொலைபேசியில் லீவு சொன்னவர்கள் மற்றையவர்கள். நேற்று மேலதிகமாக இரண்டு பாடவேளை பார்த்த ஆசிரியைக்கு இன்றும் ஒன்றைக் கொடுத்தால் அவர் என்னோடு முகங்கொடுத்துப் பேசமாட்டார். கொடுக்காவிட்டால் 9ஆம் தரத்தில் யாரும் இல்லை, அங்கே ஒரு பிள்ளை விழுந்து கை முறிந்தால் "மேற்பார்வை யார்?" என்ற கேள்வி என்னிடம்தான் வரும்.

அடுத்தது சிவப்புக் கோடு. 7.30க்கு மேல் பதிவேட்டில் கோடு இழுக்கச் சொல்பவர் அதிபர், இழுப்பவன் நான். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு படகுத் துறையில் காத்து நிற்கும் காலம் போய்விட்டது, இனி நகரத்திலிருந்து வருபவர்கள் நேரத்துக்கு வருவார்கள் என்று எல்லோரும் மகிழ்ந்தோம். நடந்தது வேறு. பாலம் வந்ததால் முன்பு இங்கேயே அறை எடுத்துத் தங்கியவர்களும் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். இப்போது ஒரு பேருந்து பிந்தினால் ஐந்து ஆசிரியர்கள் பிந்துகிறார்கள். அவர்கள் மீது பிழை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் கோட்டை இழுத்தாக வேண்டும். இழுத்தால் ஆசிரியர் ஓய்வறையில் நான் வேண்டாதவன்.

எனக்கென்று எழுதித் தந்த கடமைப் பட்டியலின் கடைசி வரி "அதிபரால் ஒப்படைக்கப்படும் ஏனைய கடமைகள்" என்பது. நாளில் முக்கால்வாசி நேரம் அந்த வரியிலேயே போகிறது.

கல்வி முகாமைத்துவ மாணவி

முதுமாணிப் பட்டத்துக்காக இத்துறையைப் படித்துவருகிறேன். இரு பதிவுகளிலும் சொல்லப்பட்டவை ஆய்வு நூல்களில் பல காலமாகப் பேசப்பட்டு வருபவை என்பதால் சிலவற்றை இங்கே தருகிறேன்.

பாடசாலை நிருவாகிகளின் அழுத்தத்தைத் தனியாக அளக்க முயன்றவர்களில் வால்டர் மெல்ச், பொய்ட் ஸ்வென்ட் ஆகியோர் முக்கியமானவர்கள். 1980களின் முற்பகுதியில் அமெரிக்காவில் அவர்களும் சக ஆய்வாளர்களும் நிருவாகிகளிடமிருந்து திரட்டிய தகவல்களில் அழுத்தத்தின் ஊற்றுகள் நான்கு தொகுதிகளாகப் பிரிந்தன: வகிபாகம் தெளிவில்லாமல் இருப்பது, அன்றாடப் பணிகளின் குவியல், பாடசாலைக்கு வெளியே உள்ள தரப்புகளுடனான ஊடாட்டம், பிணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பு. கிண்ணியா சேர் சொன்ன கடமைப் பட்டியலின் கடைசி வரி முதலாவதில் அடங்கும். மேலதிகப் பாடவேளைத் தாளில் இரண்டாவதும் நான்காவதும் கலந்திருக்கின்றன. ஒருவருக்கு இரு மேலிடங்கள் ஒன்றுக்கொன்று ஒவ்வாத கட்டளைகளை இடுவதால் வரும் வகிபாக முரண்பாட்டை ரொபர்ட் கானும் அவருடைய குழுவினரும் 1964லேயே விரிவாக எழுதியிருக்கிறார்கள். நம் தேசிய பாடசாலை அதிபர்களின் நிலையை அதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அவர்களுடைய ஆசிரியர் இடமாற்றத்தைப் பத்தரமுல்லையில் உள்ள அமைச்சு தீர்மானிக்கிறது. அன்றாடக் கூட்டங்களும் மேற்பார்வையும் மாகாணத்தின் பக்கமிருந்தும் வருகின்றன. மாகாண சபைகளை உருவாக்கிய 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தோடு தொடங்கிய இந்த இரட்டை ஏற்பாடு இன்னும் முழுதாகச் சீராகவில்லை.

அதிபர் சேரின் முதன்மை வாதத்துக்கு மிக நெருக்கமானது ரொபர்ட் கராசெக் 1979இல் முன்வைத்த மாதிரி. வேலையின் கோரிக்கை அதிகமாக இருந்தாலும் அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் சுதந்திரமும் அதிகமாக இருந்தால், அந்த வேலை ஒருவரை வளர்க்கும். கோரிக்கை அதிகமாகவும் சுதந்திரம் குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் உடலும் மனமும் நொறுங்கும் என்பது அதன் சாரம். பிரித்தானிய அரச ஊழியர்களிடையே நீண்ட காலம் நடந்த வைட்ஹோல் ஆய்வுகளும், தம் வேலையின் மீது கட்டுப்பாடு குறைந்தவர்களுக்கு இதயநோய் வாய்ப்புக் கூடுவதைக் காட்டின.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவுஸ்திரேலியாவில் 2011 முதல் ஆண்டுதோறும் அதிபர்களின் உடல், உள நலம் பற்றி நடத்தப்படும் கணக்கெடுப்பில் மீண்டும் மீண்டும் முன்னிற்கும் இரண்டு காரணங்கள், வேலையின் பெரும் அளவும் கற்பித்தலில் கவனம் செலுத்த நேரமின்மையும்தான். ஆகவே வேலையின் அளவை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது, சேர்.

வலயத்திலிருந்து ஒருவர்

வலயக் கல்வி அலுவலகம் ஒன்றில் கடமையாற்றுகிறேன். எந்த வலயம் என்று கேட்க வேண்டாம். திருகோணமலை, திருகோணமலை வடக்கு, கிண்ணியா, மூதூர், கந்தளாய் என்று மாவட்டத்தில் உள்ள ஐந்தில் ஏதோ ஒன்று.

அதிபர் அவர்களே, உங்கள் வாதத்தின் மறுபக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும். ஆண்டின் நடுவில் வரும் இடமாற்றங்கள் எங்களுக்கும் தலைவலிதான். ஆனால் பௌதிகவியல் ஆசிரியர் இல்லையென்று கடிதம் எழுதும் பாடசாலைகள் சிலவற்றிலேயே, அனுமதிக்கப்பட்ட ஆளணியை விட வரலாற்றுக்கும் தமிழுக்கும் சமயத்துக்கும் ஆசிரியர் கூடுதலாக இருப்பார்கள். அந்த மிகையை வெருகலுக்கோ புல்மோட்டைக்கோ விடுவிக்குமாறு கேட்டால், அதே அதிபர் "பாடசாலையின் நலன் கருதி" மறுப்புக் கடிதம் அனுப்புவார். அது போதாதென்று பழைய மாணவர் சங்கத்தையும் இழுத்துவிடுவார். அதிகாரம் இல்லை என்று சொல்பவர்கள், இருக்கும் செல்வாக்கை எங்கே பயன்படுத்துகிறார்கள் என்பதையும் பேச வேண்டும்.

தகவல் கேட்டுத் தொந்தரவு செய்கிறோம் என்பது எங்கள் மீதான மற்றொரு குற்றச்சாட்டு. மாகாணத் திணைக்களம், அமைச்சு, பரீட்சைத் திணைக்களம், சுகாதாரத் துறை, பிரதேச செயலகம், அரசசார்பற்ற நிறுவனங்கள் என எல்லோரும் கேட்பதை நாங்கள் கீழே அனுப்புகிறோம். மேலிருந்து பிற்பகல் நான்கு மணிக்குக் கேட்டு மறுநாள் பத்து மணிக்கு வேண்டும் என்றால், நாங்கள் உங்களிடம் ஒன்பது மணிக்குக் கேட்காமல் வேறென்ன செய்வது?

பாடசாலைக்கு உள்ளே செய்யக்கூடியவற்றையும் நீங்கள் செய்வதில்லை. பகுதித் தலைவர்களுக்குப் பொறுப்பைப் பகிர்ந்து கொடுக்கும் அதிபர்கள் மிகக் குறைவு. லீவு விண்ணப்பத்திலிருந்து குழாய் திருத்துவது வரை எல்லாவற்றிலும் தம் கையொப்பமே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள்தாம் முதலில் மாரடைப்புக்கு ஆளாகிறார்கள்.

மூதூர் உதவி அதிபர்

வலயத்து அதிகாரி அவர்களின் நேர்மையை மதிக்கிறேன். ஆனால் "ஒன்பது மணிக்குக் கேட்காமல் வேறென்ன செய்வது" என்ற அந்த வரியில் ஒரு முழு இரவு மறைந்திருக்கிறது. அதை நான் விளக்குகிறேன்.

இரவு எட்டே முக்காலுக்கு வட்ஸ்அப் குழுவில் ஓர் எக்செல் தாள் வந்து விழுகிறது. 6ஆம் தரம் முதல் 13ஆம் தரம் வரை, வகுப்பு வாரியாக, ஆண் பெண் எண்ணிக்கை, பாதணி வவுச்சர் பெற்றோர், பெறாதோர், காரணம். கீழே "மிக அவசரம், நாளை காலை 9.00" என்ற வரி. அந்நேரம் நான் அடுப்படியில் நிற்பேன். என் மகள் புலமைப்பரிசிலுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். வகுப்பாசிரியர்கள் இருபதுக்கும் மேற்பட்டோருக்குத் தனித்தனியாக அழைப்பு எடுக்க வேண்டும். சிலர் எடுக்கமாட்டார்கள், சிலர் "மிஸ், பதிவேடு பாடசாலையில் இருக்கிறது" என்பார்கள். சென்ற தவணையில் இதே தகவலை வேறொரு படிவத்தில் கொடுத்திருப்போம். நிரல்களின் ஒழுங்கு மட்டும் மாறியிருக்கும். காலையில் எல்லாவற்றையும் அனுப்பிய பின் "சரியான படிவம் இது" என்று வேறொரு தாள் வரும்.

ஆண் அதிபர்களுக்கு இந்தச் சுமை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் மாலை ஐந்து மணி தாண்டினால் மூதூருக்குத் திரும்பும் பேருந்துக்காகப் பயந்துகொண்டு எழுந்து செல்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். "மிஸ் அவசரப்படுகிறார்" என்ற குறிப்பும் எங்களுக்குத்தான். இத்தனைக்கும் இந்த மாவட்டத்தின் ஆசிரியர் ஓய்வறைகளைப் பார்த்தால் பெண்களே பெரும்பான்மை. நிருவாகக் கதிரைகளில் அந்த விகிதம் தலைகீழாக இருக்கிறது. அந்தக் கதிரைக்கு விண்ணப்பிக்கத் தகுதியுள்ள தோழியர் பலர், எங்கள் வாழ்க்கையைப் பார்த்தே விலகி நிற்கிறார்கள்.

ஓய்வுநிலை அதிபர், தம்பலகாமம்

தம்பிமார், பிள்ளைமார் எல்லோருடைய பதிவுகளையும் படித்தேன். எங்கள் காலத்தில் இப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வரவில்லை. எங்கள் காலத்தில் இதைவிடக் கொடியவை இருந்தன. 1990இல் போரினால் ஊரே எழுந்து ஓடியதையும், 2004இல் கடல் வந்ததையும், 2006இல் மூதூர்ப் பக்கத்துச் சனங்கள் கந்தளாயிலும் பிற இடங்களிலும் பாடசாலைக் கட்டடங்களில் தஞ்சம் புகுந்ததையும் நிருவாகிகளாக நின்று பார்த்தவர்கள் நாங்கள். வகுப்பறையில் குடும்பங்கள் படுத்திருக்க, மரத்தின் கீழ் பாடம் நடத்தியிருக்கிறோம்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அது திருமலை அதிபர் தம்பியின் பக்கமே சாய்கிறது. அன்று மேலிடத்துக்குத் தொடர்பு கொள்ள வழியிருக்காது. கடிதம் வந்துசேர நாட்கள் எடுக்கும். ஆகவே பாடசாலையை எத்தனை மணிக்கு மூடுவது, எந்த ஆசிரியரை எந்த வகுப்புக்கு அனுப்புவது, அடுத்த பாடசாலையோடு ஆசிரியரைப் பகிர்ந்துகொள்வதா என்பதையெல்லாம் அதிபரே முடிவு செய்தார். பிறகு எழுதித் தெரிவித்தார், பெரும்பாலும் ஏற்றுக்கொண்டார்கள். பயம் இருந்தது, ஆனால் தன் பாடசாலையில் தான் அந்நியன் என்ற உணர்வு இருக்கவில்லை. இன்று உயிருக்குப் பயமில்லை. ஆனால் ஒரு கதவுக்குப் பூட்டு வாங்குவதற்கும் அனுமதி கேட்கும் நிலையில் ஓர் அதிபரை வைத்துவிட்டு, அவரைத் தலைவர் என்று அழைக்கிறார்கள்.

வலயத்துத் தம்பி சொன்ன மிகை ஆசிரியர் விடயம் பொய்யில்லை. நானும் ஓரிருவரைப் பிடித்து வைத்துக்கொண்டவன்தான். விட்டால் திருப்பித் தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெற்றோர் ஒருவர், உவர்மலை

அதிபர்களுக்கு அழுத்தம் இருக்கலாம். ஆனால் பாடசாலைக்கு வரும் பெற்றோர் எதிரிகள் போலப் பேசப்படுவது எனக்கு விளங்கவில்லை. கணிதப் பாடத்துக்கு ஒரு தவணை முழுவதும் ஆசிரியர் இல்லாதபோது நான் யாரிடம் போய்க் கேட்பது? பத்தரமுல்லைக்கா? என் மகன் தனியார் வகுப்புக்குப் போனதால் பாடசாலை வரவு 80 வீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. உயர்தர விண்ணப்பத்தில் கையொப்பமிட மறுத்தார்கள். ஆசிரியர் இல்லாத வகுப்பறையில் அவன் உட்கார்ந்து எதைச் செய்வது?

திருமலை அதிபர்

ஐயா, நீங்கள் எதிரியல்லர். உங்கள் கேள்வி நியாயமானது. நான் சொல்ல வந்ததும் அதுதான். உங்களுக்குத் தெரிந்த அரசாங்கம் நான் ஒருவன். ஆகவே எல்லாக் கேள்விகளும் என்னிடம் வருகின்றன. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்களே, அப்படித்தான்.

80 வீத வரவை நான் விதிக்கவில்லை. விண்ணப்பத்தில் கையொப்பமிட்டு அனுப்புபவன் நான் என்பதால், பொய்யான வரவுக்கு உறுதியளித்தால் மாட்டிக்கொள்பவனும் நான். ஒவ்வொரு விண்ணப்பக் காலத்திலும் முதலில் பெற்றோர் வருவார்கள். பிறகு பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் உள்ளவர் வருவார். அதற்குப் பிறகு ஓர் அரசியல் பிரமுகரின் செயலாளர் தொலைபேசியில் "சேர், பிள்ளையின் எதிர்காலம்" என்று தொடங்குவார். ஒருவருக்கு விலக்களித்தால் மீதி இருபது பேரும் வாசலுக்கு வருவார்கள். இதில் எந்த முடிவை எடுத்தாலும் அதை எழுத்தில் நியாயப்படுத்த வேண்டும். எழுத்தில் நியாயப்படுத்த வேண்டாத தொலைபேசிகள் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

ஒழுக்கம் பற்றியும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சுற்றறிக்கை உடல்ரீதியான தண்டனையைத் தடைசெய்கிறது. அது சரியானது என்றே நானும் கருதுகிறேன். ஆனால் பிரம்பை எடுத்துவிட்ட இடத்தில் வேறெதை வைத்தோம்? ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பான ஆசிரியர் தம் பாடங்களோடு சேர்த்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். போதைப்பொருள் பொட்டலத்தோடு ஒரு மாணவன் பிடிபடும் நாளில் காவல்துறை, பெற்றோர், நன்னடத்தை அலுவலர், ஊடகம் என்று எல்லோருக்கும் நடுவில் நிற்பவர் அதிபர்.

2024ஆம் ஆண்டைச் சற்று நினைத்துப் பாருங்கள். பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் பரீட்சை நாட்காட்டியைப் பின்தள்ளியதால், அந்த ஓர் ஆண்டுக்குள் ஜனவரியில் ஓர் உயர்தரம், மே மாதத்தில் ஒரு சாதாரண தரம், நவம்பரில் மீண்டும் ஓர் உயர்தரம். நவம்பர்ப் பரீட்சை வெள்ளத்தால் இடைநின்று டிசம்பரில் தொடர்ந்தது. பாடசாலையே பரீட்சை நிலையம். மண்டபமும் வகுப்பறைகளும் போய்விடும். மற்றைய தரங்களின் பாடத்திட்டத்தை மட்டும் குறித்த காலத்தில் முடிக்க வேண்டும்.

கிண்ணியா பிரதி அதிபர்

எந்தப் படிவத்திலும் நிரல் இல்லாத வேலை ஒன்றும் உண்டு. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிச் சென்ற இழுவைப் படகு கவிழ்ந்தது. பிள்ளைகள் மௌத்தாகிப்போனார்கள். அந்தப் பகுதியில் உள்ள எந்தப் பாடசாலை நிருவாகியும் அந்த வாரத்தை மறந்திருக்கமாட்டார். மறுபடி வகுப்பைத் தொடங்கியபோது வெறுமையான கதிரையின் பக்கத்தில் இருந்த பிள்ளைக்கு என்ன சொல்வது என்று எங்களுக்கு யாரும் கற்றுத் தரவில்லை. எங்களிடம் வந்து "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டவர்களும் இல்லை. ஆசிரியருக்கு மனம் உடைந்தால் அதிபரிடம் வருவார். அதிபருக்கு உடைந்தால் அவர் போவதற்கு இடமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வேலை அழுத்தம் நீடிப்பதால் வரும் சோர்வைத் (burnout) தன் நோய் வகைப்பாட்டில் ஒரு தொழிற்சூழல் நிகழ்வாகக் குறித்தது என்று ஒரு கருத்தரங்கில் சொன்னார்கள். அந்தக் கருத்தரங்குக்கு வரவு ஒப்பமிட்டோம், படம் எடுத்து அனுப்பினோம், அதோடு முடிந்தது.

கடமை நிறைவேற்று அதிபர், வெருகல்

பெரிய பாடசாலைகளின் பிரச்சினைகளை நீங்கள் பேசுகிறீர்கள். எங்கள் நிலை இன்னும் ஒருபடி கீழே. அதிபர் சேவையைச் சேர்ந்த எவரும் இங்கே நிரந்தரமாக வராததால், ஆசிரியர் சேவையில் இருக்கும் என்னைக் கடமை நிறைவேற்ற விட்டிருக்கிறார்கள். பதவி இல்லை, பொறுப்பு இருக்கிறது. என்னைவிடச் சேவையில் மூத்த ஆசிரியர்கள் இருவர் இங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய லீவை நான் மறுத்தால் சிரிப்பார்கள். முகாமைத்துவ உதவியாளர் இல்லை. கடிதம் தட்டச்சு செய்வதும் நான்தான், 10ஆம், 11ஆம் தரங்களுக்கு விஞ்ஞானம் படிப்பிப்பதும் நான்தான். வலயக் கூட்டத்துக்குப் போனால் அன்று விஞ்ஞானம் இல்லை.

மகாவலி பெருகும் காலத்தில் இங்கே பாதைகள் மூழ்கும். பாடநூல்களை மேசைகளின் மேல் அடுக்கிவிட்டுப் போவோம். ஒருமுறை அவற்றில் ஒரு பகுதி நனைந்துபோயிற்று. பொருட்பதிவேட்டிலிருந்து அவற்றை நீக்குவதற்கான அனுமதிக்கு எழுதிய கடிதம், அதற்கான நினைவூட்டல், நினைவூட்டலுக்கான நினைவூட்டல் என்று ஒரு கோப்பே இருக்கிறது. பதில் வரும் கடிதங்களில் சில சிங்களத்தில் மட்டுமே வரும். மொழிபெயர்ப்புக்காக ஒரு நண்பருக்குப் படம் எடுத்து அனுப்புவேன்.

எனக்கு ஒரு கேள்வி. நிரந்தர அதிபர் ஒருவர் நாளை வந்தால், என் காலத்தில் கையொப்பமிட்ட கணக்குகளுக்கும் இந்த நனைந்த நூல்களுக்கும் நான் தொடர்ந்து பொறுப்பாளியா?

வலயத்திலிருந்து ஒருவர்

வெருகல் சேருக்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் பொறுப்பேற்ற நாளிலும் கையளிக்கும் நாளிலும் பொருட்பதிவேட்டையும் காசேட்டையும் சரிபார்த்து, இரு தரப்பும் ஒப்பமிட்ட கையளிப்புப் பத்திரம் இருந்தால், உங்கள் காலத்துக்கு உரியவை மட்டுமே உங்களுடையவை. நனைந்த நூல்களுக்கு வெள்ளம் வந்த நாளின் குறிப்பு சம்பவத் திரட்டில் இருக்கிறதா? கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் அச்சப்பட வேண்டாம். இல்லையெனில் இப்போதே பெற்றுக்கொள்ளுங்கள்.

மூதூர் மிஸ் சொன்ன இரவு வட்ஸ்அப் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. பாடசாலை வாரியான அடிப்படைத் தகவல்களை ஒரே தாளில் தவணைக்கு ஒருமுறை பெற்று, அதிலிருந்து நாங்களே மேலிடத்துக்கு எடுத்துக் கொடுக்கலாம் என்று எங்கள் அலுவலகத்தில் பேசியிருக்கிறோம். மேலே இருப்பவர்கள் தம் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும் என்று நிற்காவிட்டால் இது நடக்கும். ஆனால் மிகை ஆசிரியர் விடயத்தில் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஓய்வுநிலை ஐயாவே ஒப்புக்கொண்டுவிட்டார்.

கல்வி முகாமைத்துவ மாணவி

மிகை ஆசிரியரைப் பிடித்து வைத்திருப்பதும் அதிகாரமின்மையின் விளைவாக இருக்கலாம், சேர். தனக்குத் தேவைப்படும்போது ஆளைப் பெறும் வழி இல்லாதவர்கள் கையில் இருப்பதை விடமாட்டார்கள். ஓய்வுநிலை ஐயா "விட்டால் திருப்பித் தரமாட்டார்கள்" என்று சொன்னதைக் கவனித்தீர்களா? பதிலாள் வருவது உறுதியானால் விடுவிப்பதும் எளிதாகும்.

திருமலை அதிபர்

பிள்ளை சொல்வதை ஏற்கிறேன். வலயத்து அதிகாரி ஏற்கமாட்டார் என்பதும் தெரிகிறது. வேலையின் அளவும் ஒரு காரணம்தான் என்று அவுஸ்திரேலியக் கணக்கெடுப்பைக் காட்டிச் சொன்னதற்கு மட்டும் ஒரு வார்த்தை. மூதூர் மிஸ் இரவில் நிரப்பும் அந்தத் தாள் எவ்வளவு பெரியது என்பதைவிட, அது எப்போது வரும், எத்தனை முறை வரும், எதற்காக என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லை என்பதே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரே தாளை அவரே தவணைத் தொடக்கத்தில் திட்டமிட்டு நிரப்பினால் அதே வேலை அவரை இவ்வளவு வருத்தாது.

அடுத்த அதிபர் சங்கக் கூட்டத்தில் இரண்டு கோரிக்கைகளை முன்வைக்க எண்ணியிருக்கிறேன். உயர்தர, சாதாரண தர வகுப்புகளின் பாட ஆசிரியரை ஆண்டு நடுவில் இடமாற்றும்போது பதிலாளின் பெயர் அதே கடிதத்தில் இருக்க வேண்டும். மாலை ஐந்து மணிக்குப் பின் அனுப்பப்படும் தகவல் கோரிக்கைகளுக்கு மறுநாளன்றி அதற்கடுத்த நாளே இறுதி நேரமாக வேண்டும். மிகை ஆசிரியர் பட்டியலைப் பாடசாலைகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்ற மூன்றாவதையும் சேர்க்குமாறு வலயத்து அதிகாரி கேட்பார். முதலாவது ஏற்கப்பட்டால் மூன்றாவதை நானே முன்மொழிவேன்.

ஓய்வுநிலை அதிபர், தம்பலகாமம்

முதலாவதை எழுதும்போது "பதிலாள் கடமையேற்ற பின்னரே விடுவிப்பு" என்று எழுதுங்கள், தம்பி. பெயர் மட்டும் கடிதத்தில் இருந்து ஆள் வராத இடமாற்றங்களை நான் கண்டிருக்கிறேன்.